தூக்குக் கயிறு கொலையைத் தடுக்குமா?

பாடசாலை மாணவர் மன்றங்களில் ஆண்டுதோறும் தவறாது எடுத்துக்கொள்ளப்படும் விவாதப் பொருள்கள் சில உள. மரண தண்டனை வேண்டுமா வேண்டாமா என்பது அவற்றுள் ஒன்று. அத்தகைய விவாதமொன்றுக்கு நடுவராக அமரும் வாய்ப்பு எமக்கு ஒருமுறை கிட்டியது. இரு பக்கத்தாரும் நன்றாகவே பேசினர். வேண்டும் என்றவர்கள் திருவள்ளுவரைத் துணைக்கழைத்தனர். கொடியோரை வேந்தன் ஒறுத்தலைப் பயிரைக் காக்கக் களை பிடுங்குவதோடு அவர் ஒப்பிட்டாரன்றோ என்றனர். வேண்டாம் என்றவர்கள் இளங்கோவடிகளிடம் சென்றனர். ஆராயாது தீர்ப்புச் சொன்ன பாண்டியனையும், வெட்டுண்டு கிடந்த கோவலனையும் அவர்கள் சபையின் முன் நிறுத்தினர். கைதட்டல் இரு பக்கத்துக்கும் கிடைத்தது.

விவாதம் முடிந்து நாம் மேடையை விட்டு இறங்கும்போது, முன்வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன் எம்மிடம் வந்தான். "ஐயா, தூக்கிலே போட்டால் கொலை குறையும் என்று ஒரு பகுதியார் சொன்னார்கள், குறையாது என்று மறு பகுதியார் சொன்னார்கள். யாராவது எண்ணிப் பார்த்தார்களா?" என்று கேட்டான்.

மேடையிற் பேசிய எட்டுப் பேரும் கேளாத கேள்வி அது. அன்று ஓரிரு வார்த்தைகளில் விடை சொல்லி அனுப்பினோம். இவ்வாரம் அதனைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றோம். ஏனெனில், எண்ணிப் பார்த்தார்கள் என்பதே அதன் விடை. உலகத்திற் பல நாடுகளில் எண்ணினார்கள். அவற்றுள் நமது நாடும் ஒன்று என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

இலங்கை நடத்திய பரிசோதனை

தூக்குத் தண்டனை வேண்டாம் என்னும் எண்ணம் நமது சட்டசபைகளுக்குப் புதிதன்று. 1928ஆம் ஆண்டிலேயே, அந்நாளைய சட்டநிரூபண சபையில், பிற்காலத்தில் நமது முதற் பிரதமராக விளங்கிய டி. எஸ். சேனநாயக்க இதனை ஒழிக்கவேண்டுமென ஒரு பிரேரணையைக் கொண்டுவந்தார். ஆயினும் தூக்குமேடை நின்றபடியே நின்றது. 1956ஆம் ஆண்டு சித்திரை மாதத்துத் தேர்தலில் வென்று எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க பிரதமரானார். அவருடைய அரசாங்கம் பதவிக்கு வந்ததும் தூக்கிலிடுதல் நின்றது. பின்னர் 1958ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தினால் மரண தண்டனை 3 ஆண்டுகளுக்கு இடைநிறுத்தப்பட்டது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது 'இடைநிறுத்தம்' என்னும் சொல்லை. என்றைக்கும் ஒழித்துவிட்டோம் என்று அரசாங்கம் கூறவில்லை. குறித்த காலத்துக்கு நிறுத்துவோம். நாட்டிலே என்ன நிகழ்கின்றதெனப் பார்ப்போம். பின்னர் முடிவு செய்வோம் என்றது. பாத்தியொன்றுக்கு உரமிட்டும் மற்றொன்றுக்கு இடாமலும் விளைச்சலை அளந்து பார்க்கும் கமக்காரனின் முறையை இது ஒத்தது. குற்றவியற் சட்டத்திலே ஓர் அரசாங்கம் தன் கொள்கையைத் தானே சோதனைக்கு உட்படுத்துவது எந்நாட்டிலும் அரிது.

சோதனை என்றால் அளந்து பார்ப்பவர் வேண்டும். அதற்கென ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அவுஸ்திரேலியச் சட்டப் பேராசிரியரான நோர்வல் மொறிஸ் அதன் தலைவர். குற்றவியல் ஆராய்ச்சியில் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றவர் இவர். ஆணைக்குழு இலங்கையின் கொலைக் கணக்குகளை ஆராய்ந்தது. பிற நாடுகளின் அனுபவத்தையும் எடுத்து நோக்கியது. 1959ஆம் ஆண்டிலே தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. இடைநிறுத்தத்தினாற் கொலைகள் பெருகின என்று கொள்வதற்கு ஆதாரம் இல்லை. ஆகவே தூக்கு மேடைக்குத் திரும்பவேண்டிய அவசியமும் இல்லை என்பதே அவ்வறிக்கையின் சாரம்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னோர் அண்மைச் சான்றும் உண்டு. கன்னியாகுமரியையும் நாகர்கோவிலையும் அந்நாளிற் தன்னகத்தே கொண்டிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944ஆம் ஆண்டிலே மரண தண்டனையை நீக்கியது. இந்திய ஒன்றியத்திற் சேர்ந்தபின், 1950ஆம் ஆண்டளவில், இந்தியச் சட்டத்தோடு தூக்குத் தண்டனையும் அங்கே திரும்பி வந்தது. தண்டனை இல்லாதிருந்த 1945 முதல் 1950 வரையான காலத்திலே நடந்த கொலைகள் 962. தண்டனை திரும்பிய பின் 1950 முதல் 1955 வரை நடந்தவை 967. தூக்குக் கயிறு போனபோது கொலைகாரர் துணிவு பெறவில்லை. அது திரும்பி வந்தபோது அவர்கள் அஞ்சியதாகவும் தெரியவில்லை.

மாணவ நண்பர்கள் இங்கே ஓர் எச்சரிக்கையைக் கருத்திற் கொள்ளவேண்டும். 967 என்பது 962இலும் கூடியதாகையால் தூக்குத் தண்டனை கொலையைப் பெருக்கிற்று என்று விவாத மேடையிற் பேசிவிடலாகாது. இரண்டாவது காலத்தில் சனத்தொகையும் கூடியிருக்கும். இத்துணைச் சிறிய வேறுபாடு தற்செயலாகவும் நேரலாம். இந்த இரண்டு எண்களும் சொல்வது ஒன்றே ஒன்று: பெரிய மாற்றம் எதுவும் நிகழவில்லை என்பது. ஓர் எண் எதைச் சொல்லுகின்றது என்று அறிவதோடு எதைச் சொல்லவில்லை என்று அறிவதும் கல்வியேயாகும்.

புரட்டாதி மாதத்தில் வெடித்த துப்பாக்கி

நமது பரிசோதனை முடிவதற்குள் முறிந்துபோயிற்று. 1959ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆந் தேதி, றொஸ்மீட் பிளேசில் உள்ள தமது இல்லத்தில், தம்மைக் காண வந்தவர்களிடையே நின்ற பிரதமர் பண்டாரநாயக்க சுடப்பட்டார். மறுநாள் உயிர் நீத்தார். சுட்டவர் துவராடை அணிந்த ஒரு பிக்கு. நாடு திகைத்து நின்றது.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து பிரதமர் மக்களுக்கு விடுத்த செய்தியில், தம்மைச் சுட்டவனுக்குக் கருணை காட்டுமாறும் பழிவாங்க முற்படாதிருக்குமாறும் கேட்டுக்கொண்டார். இவ்வேண்டுகோளை நினைக்குந்தோறும் எம் உள்ளம் உருகும். ஆனால் நாட்டின் உள்ளம் அன்று வேறு நிலையில் இருந்தது. பரிசோதனையைத் தொடங்கியவரே பலியானதும், பரிசோதனையை யார் காப்பாற்றுவார்? ஆணைக்குழுவின் அறிக்கையை ஆறுதலாக வாசிக்க எவருக்கும் பொறுமை இருக்கவில்லை. இடைநிறுத்தச் சட்டத்தை நீக்கும் 25ஆம் இலக்கச் சட்டம் அவ்வாண்டு முடியுமுன்னரே நிறைவேறிற்று. அதுமட்டுமன்று, அச்சட்டம் நிறைவேறுவதற்கு முன் செய்யப்பட்ட கொலைக்கும் அது பின்னோக்கிச் செல்லுமாறு எழுதப்பட்டது. குற்றம் நடந்த அன்று சட்டத்தில் இல்லாத தண்டனையைப் பின்னர் கொண்டுவந்து பொருத்துவது நீதியாகுமா என்னும் கேள்வி அந்த ஆரவாரத்தில் அமுங்கிப்போயிற்று.

ஆயினும் நீதிமன்றத்தில் அது அமுங்கவில்லை. 1961ஆம் ஆண்டு விசாரணையில் மூவர் குற்றவாளிகளெனக் காணப்பட்டு மரண தண்டனை பெற்றனர். சுட்டவர் சோமராம தேரர். மற்றைய இருவரும் சதிக் குற்றத்துக்காகத் தீர்ப்பளிக்கப்பட்டவர்கள். மேன்முறையீடு வந்தபோது நீதியரசர்கள் புதிய சட்டத்தைச் சொல்லுக்குச் சொல் படித்துப் பார்த்தனர். பின்னோக்கிச் செல்லும் விதி கொலைக் குற்றத்தைச் சுட்டியிருந்ததேயன்றி, கொலைக்கான சதியைத் தொடவில்லை. ஆகவே சதிகாரர் இருவரின் தண்டனையும் ஆயுட்காலச் சிறையாக மாறியது. சோமராம 1962ஆம் ஆண்டு ஜூலை 6ஆந் தேதி வெலிக்கடை மறியற்சாலையில் தூக்கிலிடப்பட்டார். திட்டம் தீட்டியவர்கள் என்று யூரிகளாற் காணப்பட்டோர் உயிர் தப்ப, ஏவப்பட்டவர் இறந்தார். அவசரத்தில் எழுதப்பட்ட ஒரு வாக்கியத்தின் விளைவு அது.

அதே ஆண்டிலே இன்னொரு பாடமும் நமக்குக் கிடைத்தது. 1962 ஜனவரியில் தோல்வியுற்ற இராணுவச் சதியிற் சம்பந்தப்பட்டோரைத் தண்டிப்பதற்கென விசேட சட்டம் ஒன்று ஆக்கப்பட்டது. அதுவும் பின்னோக்கிச் செல்வது. 1965ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவிக் கவுன்சில், குறித்த சிலரைத் தண்டிப்பதற்காகவே சட்டம் ஆக்குவது நீதித்துறையின் வேலையிற் தலையிடுவதாகும் என்று கூறி அச்சட்டத்தைச் செல்லாதென்றது. சினத்தில் எழுதப்படும் சட்டம் நெடுநாள் நிற்பதில்லை.

ஆராய்ச்சியாளர் கண்டது என்ன?

அமெரிக்க நாட்டிலே சில மாகாணங்களில் மரண தண்டனை உண்டு, சிலவற்றில் இல்லை. தோர்ஸ்ரன் செலின் என்னும் அறிஞர் இதனை நல்லதொரு வாய்ப்பாகக் கொண்டார். மக்கள், தொழில், வாழ்க்கை முறை ஆகியவற்றில் ஒன்றையொன்று ஒத்த அயல் மாகாணங்களை எடுத்து, தண்டனை உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். 1959ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவு, கொலை வீதத்தின் ஏற்ற இறக்கம் இரண்டிடத்தும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றது என்பது. ஒரு வீட்டில் தூக்குக் கயிறு தொங்குகின்றது. அடுத்த வீட்டில் இல்லை. ஆனால் இரு வீட்டிலும் காய்ச்சல் ஒரே அளவுதான் என்பது போல.

மறுபக்கத்திலிருந்தும் ஒரு குரல் எழுந்தது. 1975ஆம் ஆண்டில் ஐசாக் எர்லிக் என்னும் பொருளியல் அறிஞர், அமெரிக்காவின் 1933 முதல் 1969 வரையான கணக்குகளைக் கணித முறையில் ஆராய்ந்து, நிறைவேற்றப்படும் ஒவ்வொரு மரண தண்டனையும் ஏறக்குறைய 8 கொலைகளைத் தடுத்திருக்கக்கூடும் என்றார். இது மெய்யாயின் வழக்கே மாறிவிடும். ஒரு குற்றவாளியின் உயிருக்காக எட்டு நிரபராதிகளின் உயிரைக் கொடுப்பது யாருக்கு உவப்பாகும்? ஆகவே பிற அறிஞர்கள் அவருடைய கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தனர். 1960களின் பிற்பகுதி ஆண்டுகளை நீக்கிவிட்டால் அந்தப் பயன் மறைந்துபோவதைக் கண்டனர். அவ்வாண்டுகளில் அமெரிக்காவில் எல்லாவகைக் குற்றங்களும் பெருகின. தூக்கிலிடுதலோ ஏறக்குறைய நின்றிருந்தது. இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்தமையால் ஒன்று மற்றதற்குக் காரணம்போலத் தோன்றியது. 1978ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் குழுவொன்று, இத்தகைய ஆராய்ச்சிகள் பயன்தரு சான்றாகா என்றது. 2012ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிச் சபை, அதன்பின் வந்த ஆராய்ச்சிகளையும் திரட்டிப் பார்த்து, மரண தண்டனை கொலையைக் குறைக்கின்றது என்றோ கூட்டுகின்றது என்றோ மாற்றமின்றி வைத்திருக்கின்றது என்றோ கூற அவை உதவா என்று முடிவு செய்தது.

இம்முடிவைக் கேட்டு, "அப்படியானால் இத்தனை ஆராய்ச்சியும் வீண்தானே" என்று சிலர் சொல்லக்கூடும். வீண் அன்று. ஒரு மனிதனின் உயிரை எடுப்பதற்குப் பிறர் உயிர் காக்கப்படும் என்பதே காரணமாகச் சொல்லப்படுமானால், அக்காரணத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு உயிரை எடுப்பவருடையது. அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தேடியும் அது மெய்ப்பிக்கப்படவில்லை என்பது சிறிய செய்தியன்று.

ஆசியாவிலிருந்தும் ஓர் உதாரணம் கூறுவோம். ஹொங்கொங், சிங்கப்பூர் ஆகிய இரண்டும் துறைமுக நகரங்கள். இரண்டும் பிரித்தானியர் ஆட்சியில் இருந்தவை. மக்களிற் பெரும்பாலோர் சீனர். ஹொங்கொங்கில் 1966ஆம் ஆண்டுக்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 1993ஆம் ஆண்டிற் சட்டத்திலிருந்தும் அது நீக்கப்பட்டது. சிங்கப்பூரிலோ 1994ஆம் ஆண்டில் மாத்திரம் 70க்கு மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இரண்டையும் நெடுங்காலத்துக்கு ஒப்பிட்டது. இரு நகரங்களிலும் கொலை வீதம் ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே பாங்கில் இறங்கி வந்திருந்தது. தூக்குமேடை இருந்த இடமும் இல்லாத இடமும் எவையென அந்தக் கோடுகளைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது.

அச்சம் ஏன் தடுப்பதில்லை?

சாவுக்கு அஞ்சாதார் யார்? அப்படியிருக்க, சாவுத் தண்டனை ஏன் கொலைகாரன் கையைத் தடுப்பதில்லை? இதற்கு விடை காணத் தண்டனையை விட்டுக் குற்றத்தைப் பார்க்கவேண்டும்.

1950களில் அமெரிக்க சமூகவியலாளர் சிலர் நமது நாட்டுக் கொலைகளை ஆராய்ந்தனர். 1953ஆம் ஆண்டில் ஸ்ட்றவுஸ் தம்பதியர் இலங்கையின் கொலையையும் தற்கொலையையும் சமுதாய அமைப்போடு சேர்த்து நோக்கினர். 1961ஆம் ஆண்டில் ஆதர் வூட் என்பவர் மாறிவரும் இலங்கையிற் குற்றமும் வன்செயலும் என்பதுபற்றி ஒரு நூலே எழுதினார். குற்றத்தை ஒரு தனி மனிதனின் கொடுமையாக மட்டும் பாராமல் சமூகத்தின் அமைப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே இவர்களுடைய நோக்கின் பயன்.

நமது கிராமங்களை அறிந்தவர்க்கு இது விளங்காத செய்தியன்று. கொலைகளிற் பல வேலித் தகராறிலே பிறப்பவை. உறுதியில் ஒரு பரப்புக் காணி கூடிக் குறைந்தமை, கள்ளுத் தவறணையில் எழுந்த வாய்ச்சண்டை, குடும்பத்துக்குள் நெடுநாள் புகைந்த பகை, நடுச்சந்தியிலே கேட்ட ஒரு வசைச்சொல், கைக்கெட்டிய கத்தி: இவ்வளவுதான். அந்தக் கணத்தில் அவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. அவன் நினைவில் தூக்குமேடையும் இல்லை, மறியற்சாலையும் இல்லை. மறுபுறம், திட்டமிட்டுக் கொல்பவன் தான் அகப்படமாட்டேன் என்று நம்பியே திட்டமிடுகின்றான். அகப்படமாட்டேன் என்று நம்புகின்றவனுக்குத் தண்டனை எத்துணைக் கடியதாயினும் ஒன்றே.

இத்தாலிய அறிஞர் பெக்கேரியா 1764ஆம் ஆண்டிலேயே இதனைச் சுட்டிக்காட்டினார். தண்டனையின் கொடுமையிலும் பார்க்க அதன் நிச்சயமே குற்றத்தைத் தடுக்கும் என்பது அவர் கருத்து. அண்மைக்கால ஆராய்ச்சிகள் பெரும்பாலும் அவர் பக்கமே நிற்கின்றன. பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். மாதத்தில் ஒரு நாள் வந்து கண்மண் தெரியாது அடிக்கும் ஆசிரியருக்குப் பிள்ளைகள் அஞ்சுவதிலும், நாள்தோறும் வீட்டுப் பாடத்தைத் தவறாது பார்க்கும் ஆசிரியருக்கே அவர்கள் கட்டுப்படுகின்றனர். பிரம்பு தடித்ததா மெலிந்ததா என்பதன்று. பார்க்கப்படுவோமா என்பதே கேள்வி.

நிச்சயம் எங்கே?

இக்கண்கொண்டு நமது நாட்டின் நிலையை நோக்குவோம். 1976ஆம் ஆண்டுக்குப் பின் இங்கே எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆனால் தண்டனை சட்டத்தில் உண்டு. நீதிமன்றங்கள் அதனை விதித்துக்கொண்டே இருக்கின்றன. ஆயிரக்கணக்கிற் சேர்ந்துவிட்ட மரண தண்டனைக் கைதிகள் சாவுமின்றி விடுதலையுமின்றி நாட்களை எண்ணுகின்றனர். நாட்டை உலுக்கும் ஒரு கொடுமை நிகழும்போதெல்லாம் கயிற்றை எடுங்கள் என்னும் கூச்சல் எழுகின்றது. 2004ஆம் ஆண்டு நவம்பரில் மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேப்பிட்டிய சுட்டுக் கொல்லப்பட்டபோது எழுந்தது. போதைப்பொருட் குற்றங்களுக்காக 2019ஆம் ஆண்டில் மீண்டும் எழுந்தது. அவ்வாண்டு அலுகோசு வேலைக்குப் பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். நால்வரைத் தூக்கிலிட அந்நாளைய ஜனாதிபதி கையொப்பமிட்டார். ஜூலை மாதத்தில் உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது.

கூச்சலின் நடுவே எத்தகைய தவறு நேரலாம் என்பதை 2015ஆம் ஆண்டில் நாடு கண்டது. கம்பஹா மாவட்டத்தில் ஒரு பச்சைக் குழந்தை கொடூரமாகக் கொல்லப்பட்டது. மக்களின் சினம் கட்டுக்கடங்கவில்லை. பாடசாலை மாணவன் ஒருவனும் குடும்பஸ்தர் ஒருவரும் கைது செய்யப்பட்டனர். ஊர் அவர்களைக் குற்றவாளிகளென்றே கொண்டது. மரபணுப் பரிசோதனை அவர்கள் அல்லர் என்று காட்டிற்று. பின்னர் வேறொருவர் தாமே செய்ததாக ஒப்புக்கொண்டார் என்றனர். அவருடைய மரபணுவும் பொருந்தவில்லை. ஈற்றில் அது பொருந்தியது இன்னொருவருக்கு. அந்தப் பரிசோதனை இல்லாத காலமாயிருந்தால், அந்த மாணவனின் கதி என்னவாயிருக்கும்? பிள்ளைகளைப் பெற்ற நாம் எல்லோரும் இதனை நினைத்துப் பார்க்கவேண்டும். ஒப்புதல் வாக்குமூலமும் ஊரவரின் உறுதியும் எத்துணை எளிதிற் பிழைபடும்!

நிச்சயமின்மை மறுமுனையிலும் உண்டு. 2000ஆம் ஆண்டின் டிசம்பரில் மிருசுவிலிற் பொதுமக்கள் எண்மர் கொல்லப்பட்டனர். 15 ஆண்டுகள் கழித்து, 2015ஆம் ஆண்டில், இராணுவச் சிப்பாய் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் ஜனாதிபதி மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். கொல்லப்பட்டோரின் குடும்பத்தார் அவரைத் தூக்கிலிடவேண்டும் என்பதற்காக அத்தனை ஆண்டுகள் நீதிமன்றப் படிகளில் ஏறியிறங்கவில்லை. நடந்தது குற்றம் என்று நாடு சொல்லவேண்டும், அச்சொல் நிலைக்கவேண்டும் என்பதற்காகவே காத்திருந்தனர். சட்டத்தில் உச்சத் தண்டனையாகிய மரணம் எழுதப்பட்டிருந்தும் அது அவர்களுக்கு என்ன ஆறுதலைத் தந்தது? கடுமையான தண்டனையை ஏட்டில் வைத்துக்கொண்டு, நிச்சயமான தண்டனையைக் கைவிட்ட நிலைக்கு இதனிலும் சான்று வேண்டியதில்லை.

செய்யத்தக்கவை

ஆராய்ச்சி எல்லாவற்றுக்கும் விடை தரும் என்று நாம் கூறவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயொருத்தி, "என் பிள்ளையைக் கொன்றவன் உயிரோடிருப்பதா?" என்று கேட்டால், எந்தப் புள்ளிவிபரமும் அவள் முன் வாய் திறவாது. அது நீதிபற்றிய கேள்வி, எண்ணிக்கைபற்றியதன்று. அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு சமுதாயமும் தன் மனச்சாட்சியைத் தொட்டு விடையிறுக்கவேண்டும். ஆனால் தூக்கினாற் கொலை குறையும் என்பது எண்ணிக்கைபற்றிய கூற்று. அதற்கு எண்ணிக்கையே சாட்சி சொல்லவேண்டும். அந்தச் சாட்சி கிடைக்கவில்லை.

எனவே, பாதுகாப்பைத் தேடுவோர் தங்கள் கவனத்தை வேறிடத்திற் செலுத்தவேண்டும். பொலிசார் அடித்துப் பெறும் ஒப்புதலுக்குப் பதிலாகத் தடயங்களைத் துலக்கும் ஆய்வுகூடங்கள் வேண்டும். சாட்சி சொல்ல வருபவன் அஞ்சாதிருக்கப் பாதுகாப்பு வேண்டும். இதற்கென 2015ஆம் ஆண்டிலும் பின்னர் 2023ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவை ஏட்டுச் சுரைக்காயாகாமல் நடைமுறைக்கு வரவேண்டும். வழக்குகள் பத்தும் பதினைந்தும் ஆண்டுகள் இழுபடலாகாது. சாட்சிகள் இறந்து, நினைவுகள் மங்கி, தடயங்கள் தொலைந்தபின் வரும் தீர்ப்பு யாருக்கும் அச்சத்தையும் ஊட்டாது, ஆறுதலையும் தராது.

மறியற்சாலைகளின் நிலையும் நோக்கத்தக்கது. கொள்ளக்கூடிய தொகையினும் இரு மடங்குக்கு மேற்பட்டோர் அவற்றில் அடைக்கப்பட்டிருப்பதை இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 2020ஆம் ஆண்டு ஆய்வு எடுத்துக்காட்டியது. அங்கே உள்ளவர்களிற் பெருந்தொகையினர் குற்றவாளிகளெனத் தீர்க்கப்படாதவர்கள், விளக்கமறியலில் இருப்பவர்கள். பிணைப் பணம் கட்ட வழியில்லாத ஏழை, கொடிய குற்றவாளியோடு ஒரே பாயிற் படுக்கின்றான். குற்றம் செய்யாமலே உள்ளே போனவனும் குற்றம் கற்று வெளியே வரக்கூடும். சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமுதாய வேலை செய்விக்க 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் வழி வகுத்துள்ளது. அதனை நீதிமன்றங்கள் இன்னும் தாராளமாகக் கையாளலாம். ஒரு தூக்குமேடையைச் செப்பனிடும் சிரத்தையின் ஒரு பங்கை இவற்றிலே காட்டினால் நாடு பாதுகாப்படையும்.

இவற்றோடு, 1958ஆம் ஆண்டில் நாம் தொடங்கி இடையிற் கைவிட்ட பழக்கமும் திரும்பவேண்டும். எந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தாலும், அது நினைத்த பயனைத் தருகின்றதா என்று குறித்த காலத்தில் எண்ணிப் பார்க்கும் பழக்கமே அது. எண்ணிப் பார்த்தபின் தவறென்று கண்டால் திருத்திக்கொள்வதில் அரசாங்கத்துக்கு இழுக்கு ஏதுமில்லை.

இறுதியாக, விவாத மேடையிற் கேட்ட பாண்டியன் கதைக்கு வருவோம். கண்ணகி அரசவையிலே தன் சிலம்பை உடைத்தாள். உள்ளே மாணிக்கப் பரல் தெறித்தது. அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து. கள்வன் யார், கள்வன் அல்லாதான் யார் என்று காட்ட அந்த ஒரு சோதனை போதுமாயிருந்தது. அது கடினமான சோதனையுமன்று. கோவலனை வெட்டுமுன்னர் செய்திருக்கக்கூடியதே. பாண்டியனிடம் வாளும் இருந்தது, செங்கோலும் இருந்தது. சிலம்பை உடைத்துப் பார்க்கும் பொறுமை ஒன்றே இருக்கவில்லை.

எண்ணிப் பார்த்தார்களா என்று எம்மைக் கேட்ட அச்சிறுவனிடம் அந்தப் பொறுமை இருந்தது. அவன் வளர்ந்து நீதிபதியானாலென்ன, பொலிஸ் உத்தியோகத்தனானாலென்ன, வாக்களிக்கும் சாதாரண பிரசையானாலென்ன, அந்தக் கேள்வியை மறவாதிருப்பானாக.